எட்டே முக்கால் மணி நேரம்

பயணச்சீட்டு அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எங்கிருந்து எங்கே என்று சொன்னால் போதும், கணினியைத் திறக்காமலே பறக்கும் நேரத்தைச் சொல்லிவிடுவேன். தூரத்தை எண்ணூற்றைம்பதால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்தால் முடிந்தது. அந்தத் தலைக்கனம் அன்று என்னைப் போட்டு மிதித்துவிட்டது.

அண்ணனுக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. தோளில் மாட்டுகிற ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் இருக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்க அண்ணியோடு கிளம்பினார். ஏழாயிரம் கிலோமீட்டர், எட்டே முக்கால் மணி நேரம் என்றேன். ஒரு பேட்டரி மூன்றரை மணி தாங்கும். பறக்கும் நேரத்தைவிட ஒன்றரை மடங்குக்கு பேட்டரி இருக்க வேண்டும் என்பது விதி. வாடிக்கையாளர்களிடம் அதைக் கறாராகச் சொல்கிறவளே நான்தான். விமான நிறுவனத்தின் படிவத்தில் நான்கு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். நான்காவதைக் கிளம்புகிற அன்று சாயங்காலம்தான் தர முடியும் என்றார் கடைக்காரர். விமானமோ காலை ஆறு மணிக்கு.

"மூணே போதும்ணா. மிச்சம்கூட இருக்கும்."

"நீ சொன்னா சரி," என்று பையை மூடிவிட்டார்.

ஒன்பது மணிக்கு அலுவலகம் போனேன். பக்கத்து மேசைக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. அன்று பார்த்து அவன்தான் விழித்திருந்தான்.

"ஏன்க்கா, அண்ணன் போற ஃபிளைட் பன்னெண்டு மணி நேரமாமே? நடுவுல ஒரு நாட்டுல வான்வழிய மூடிட்டாங்க, சுத்திப் போகுது. மூணு நாள் முன்னாடியே மெயில் வந்துச்சே, பாக்கலையா?"

பார்க்கவில்லை. கணக்கு தலைக்குள் இருக்கும்போது மெயில் எதற்கு?

மூன்று பேட்டரியும் சேர்த்துப் பத்தரை மணி. கடைசி ஒன்றரை மணி நேரம் அண்ணனுக்குக் காற்று கிடையாது. விமான நிறுவனத்துக்குப் போன் போட்டேன்.

"நாலு பேட்டரின்னு எழுதியிருக்கே, மேடம்?"

"நான்தான் எழுதினேன். மூணுதான் இருக்கு. தப்பு என்மேலதான். தயவுசெஞ்சு விமானத்துக்குச் சொல்லுங்க!"

"முயற்சி பண்றோம்," என்று வைத்துவிட்டார்கள்.

திரையில் விமானம் நேர்கோட்டை விட்டு விலகித் தெற்கே போய்க்கொண்டிருந்தது. நான் சாப்பிடவில்லை. திரும்பத் திரும்ப வகுத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. நாலரை மணி ஆனது. இப்போது மெஷின் நின்றிருக்கும். தூங்குமூஞ்சி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அந்த ஒன்றரை மணி நேரமும் நான் மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் எனக்கே குற்றமாக இருந்தது.

ஆறு நாற்பதுக்கு அண்ணியின் அழைப்பு வந்தது. எடுக்கவே பயந்தேன்.

"இறங்கிட்டோம். உயிரோட இருக்கார். மெஷின் நின்னதும் உதடெல்லாம் நீலமாயிடுச்சு. அப்புறம்தான் விமானத்துல இருந்த சிலிண்டர எடுத்துட்டு வந்தாங்க. நான் செத்துப் பொழைச்சேன்."

"அண்ணி, எல்லாம் என்னாலதான்..."

"அழாத. இரு, அவர் ஏதோ சொல்றார்."

அண்ணன் மூச்சு வாங்குவது கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நின்றார். அண்ணி அதைச் சேர்த்துச் சொன்னாள்.

"திரும்பி வர எத்தனை மணி நேரம்னு கேக்கறார். அந்த ஃபிளைட்காரங்க சொன்னா நம்ப மாட்டாராம். நீ சொன்னாதானாம்."

வாய்வரை வந்த எண்ணை விழுங்கினேன்.

"பாத்துச் சொல்றேன், அண்ணி," என்றேன். பத்தொன்பது வருடத்தில் நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.