சாவி செய்யாத கணினி

இலங்கை மலையகத்து மடுல்சீமையில் பனிமூட்டம் இறங்கினால் மலையோடு சேர்ந்து போன் சிக்னலும் காணாமல் போகும். நிரஞ்சலாவுக்கு அதில் கோபம் வந்ததில்லை. வெள்ளையாகக் கிடக்கும் சரிவைப் பார்த்தபடி, தன் மடிக்கணினிக்குள் இன்னொரு கணினி கண் விழிப்பதை ரசிப்பதே அவளுக்கு வேலை.

அது இரும்பும் கம்பியும் இல்லாத கணினி. முழு லினக்ஸையும் வேண்டிய மென்பொருள்களோடு கன்டெய்னர் இமேஜ் என்ற ஒரே பொதியாகக் கட்ட வேண்டும். எது எந்த வரிசையில் சேர வேண்டும் என்று செய்முறை எழுதிக் கொடுத்தால், அடுக்கடுக்காகப் பொதி தயார். அதை எழுப்பினால் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி ஒரு வெர்ச்சுவல் மெஷின் பிறக்கும். நிறுத்தினால் பிறந்த சுவடே இருக்காது. நாளெல்லாம் இதையே செய்யச் சொன்னாலும் அவளுக்குச் சம்மதம். பைத்தியம்தான், ஆனால் சுகமான பைத்தியம்.

அவள் வேலை கேட்டிருந்த கொழும்புக் கம்பெனியின் இரகுநாதன் சார் அப்படிக் கனவு காண்பவர் அல்ல. யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், சொன்னால் சொன்னதுதான். அன்று மாலை வீடியோ அழைப்பில் அவள் தான் கட்டிய இமேஜை எழுப்பி, உள்ளே போய்க் காட்ட வேண்டும். காட்டினால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்தே வேலை பார்க்கலாம். சொதப்பினால் கொழும்புக்குப் போய் வருடக்கணக்கில் அலுவலகத்தில் பழக வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் துஷாந்தைக் கட்டி, தாலி மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. அவனை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. அவனோ அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதுவும் அவளுக்கு வலித்தது.

சிக்னலுக்காகப் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம், மாலையில் ஈ காக்கை இருக்காது. அழைப்பு வந்ததும் மெஷினை எழுப்பினாள். எழுத்துகள் ஓடி நின்றன. பெயர் கேட்டது, கொடுத்தாள். கடவுச்சொல் கேட்டது. அவள் வெறுமனே என்டரைத் தட்டினாள். தவறு என்றது. மறுபடி தட்டினாள், மறுபடியும் தவறு.

“கடவுச்சொல் என்ன வைச்சனீங்கள், பிள்ளை?” என்றார் இரகுநாதன்.

“ஒண்ணும் வைக்கலங்க சார்.”

ஏன் என்று கேட்டார். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. லயத்தில் பகலில் யார் கதவைப் பூட்டுகிறார்கள்? பூட்டாத வீடு திறந்துதான் கிடக்கும். வெங்காயம் தேவையென்றால் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி தானே உள்ளே போய் எடுத்துக்கொள்வாள். அதே நினைப்பில்தான் கடவுச்சொல்லுக்கான வரியைச் செய்முறையில் எழுதாமல் விட்டிருந்தாள். இங்கே எல்லாம் தலைகீழ். சாவி செய்யாத வீட்டுக்குள் கட்டியவளே நுழைய முடியாது.

பனி கொட்டகைக்குள் வந்துவிட்டது. இரகுநாதனின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அவளுக்கு அழுகை வந்தது, கூடவே விநோதமான ஒரு நிம்மதியும். திரையில் நிற்பது கனவுதானே, கலைத்துவிட்டு வேறு கனவு காணலாம்.

“இத அணைச்சிர்றேன் சார். கதவ ஒடைக்க வேணாம். இன்னொண்ணு கட்டிக்கிறேன்.”

மெஷினை நிறுத்தி, செய்முறையின் கடைசியில் அந்த வரியைச் சேர்த்தாள். முன்பு கட்டிய அடுக்குகள் அப்படியே இருந்ததால் இணையத்திலிருந்து எதையும் புதிதாக இறக்க வேண்டியிருக்கவில்லை. புது அடுக்கு மட்டும் மேலே போய் உட்கார்ந்தது. எழுப்பினாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். உள்ளே விட்டது.

“ஓடிக்கொண்டிருக்கிற மெஷினுக்குள்ள கையை வைக்காம திருப்பிக் கட்டினனீங்கள் பாருங்கோ, எனக்கு அதுதான் வேணும். நீங்கள் அங்கயே இருந்து வேலை செய்யுங்கோ” என்றார் இரகுநாதன். அதோடு சிக்னல் அறுந்தது.

பனியில் பாதை தெரியவில்லை, கால்கள் அறிந்து வீட்டுக்கு ஓடின. காம்பராவில் துஷாந்த் தரையில் உட்கார்ந்து அவளுடைய துணிகளைப் பயணப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். என்னை அனுப்ப அவ்வளவு அவசரமா என்று வாசலிலேயே நின்றாள். பிறகுதான் சேலைகளுக்கு நடுவே அவனுடைய இரண்டு சட்டைகளைப் பார்த்தாள்.

“ஒங்க சட்டை எதுக்கு?”

அவன் நிமிரவில்லை. “ஒன்ன மட்டும் தனியா அனுப்புவேனா? நாளைக்கு தொரகிட்ட, வேலையிலிருந்து நின்னுக்கிறேன்னு சொல்லலாம்னு இருக்கேன்.”

இனி இருவருமே எங்கும் போக வேண்டியதில்லை. பையிலிருந்து அவனுடைய ஒரு சட்டையை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.