கொடுக்காத முகமூடிகள்

தன் தங்கையின் கணவனைக் கொதிகலன் ஆலையில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே அங்கே சாமான் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர்கீப்பர்தான். நீராவிக் குழாய்களுக்கு அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றும் வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது புருவம்வரை அதன் தூசி படிந்து வெளுத்திருக்கும். மாப்பிள்ளைக்கு ஒரே நாளில் நரைத்துவிட்டது என்று கேலி பேசியவரும் அவர்தான்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் புற்றுநோய் என்றார்கள். காரணம் அந்தத் தூசிதான் என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். தங்கை அந்தக் காகிதத்தோடு ஒரு பெண் வக்கீலிடம் போனாள். துணைக்கு அண்ணனும் போனார்.

ஆலை மூடிவிட்டாலும் அதை வாங்கிய கம்பெனிமேல் வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். காலக்கெடு வேலை பார்த்த நாளிலிருந்து அல்ல, நோய் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடும். ஆள் பேசும் நிலையில் இருக்கும்போதே படுக்கையருகில் சாட்சியம் பதிவு செய்ய மனுப் போட வேண்டும். அவர் போய்விட்டால் குடும்பம் வழக்கைத் தொடரலாம்; ஆனால் அவர் பார்த்ததை அப்புறம் யார் சொல்வது?

வழக்குக்குக் கம்பெனி பதில் அனுப்பியதும் வக்கீல் மறுபடி கூப்பிட்டார். மாதாமாதம் எல்லாருக்கும் முகமூடி கொடுத்ததாகப் பதிவேட்டின் நகல் மேஜைமேல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம், அடியில் ஸ்டோர்கீப்பரின் கையெழுத்து. தங்கை அதைப் பார்த்தாள். திரும்பும்போது பஸ்ஸில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் அவர் மாப்பிள்ளையின் கட்டிலருகே நின்றார். ஆக்ஸிஜன் குழாய் மூக்கில். தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"அது உங்க கையெழுத்துதானா மச்சான்?"

"ஆமா. முகமூடி வரவே இல்ல. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றாரு, எழுதி வைன்னு மேனேஜர் சொன்னாரு. எழுதினேன்."

"அதைக் கோர்ட்டுல போய்ச் சொல்லுங்க," என்றான் மாப்பிள்ளை.

பொய்ப் பதிவு செய்ததற்கு ஸ்டோர்கீப்பர்மேலேயே வழக்கு வரலாம் என்று வக்கீல் எச்சரித்தார். அப்படியும் அவர் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் சாட்சியத்தை அவன் மூச்சு வாங்க நிறுத்தி நிறுத்தி, மூன்று மணி நேரம் பதிவு செய்தார்கள். பதினோராம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான்.

தங்கை வழக்கை விடவில்லை. கம்பெனியின் வக்கீல் ஸ்டோர்கீப்பரைக் கூண்டில் வைத்துக் குடைந்தார்: அன்று எழுதியது பொய் என்றால் இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?

"என்னை நம்ப வேணாம்யா," என்றார் அவர். "முகமூடி வாங்கின ரசீது ஒண்ணே ஒண்ணு காட்டச் சொல்லுங்க."

கம்பெனியிடம் அப்படி ஒரு ரசீதும் இல்லை. தீர்ப்பு தங்கை பக்கம் வந்தது. அவள் வக்கீலுக்கு நன்றி சொன்னாள். அண்ணனைக் கடந்து படியிறங்கினாள்.

பதிவேட்டில் இன்னும் நாற்பத்திரண்டு பேர் இருந்தார்கள். நோய் தெரிந்ததும் அவர்களும் காலம் தாழ்த்தாமல் வர வேண்டும், தேடிச் சொல்லுங்கள் என்றார் வக்கீல். முதல் வீட்டில் பழைய வெல்டர் ஏணிமேல் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"எனக்கு என்ன கேடு? ரெண்டு மாசமா விலாப்பக்கம் கொஞ்சம் குத்துது. அவ்வளவுதான்."

அவர் இறங்கி வருவதற்காக ஸ்டோர்கீப்பர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். நாலு படி இறங்குவதற்குள் வெல்டர் மூச்சு வாங்க இரண்டு தடவை நின்றார்.