மூலை மடித்த கடிதங்கள்

அழகையா யாரையும் நம்புகிற ஆள் இல்லை. கடைக்குப் போனால் தராசுத் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். எலெக்சன் நேரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குக் கும்பிட்டுக்கொண்டு வந்தவர்கள் ஒருத்தரையும் அவர் தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் விட்டதில்லை. அப்படிப்பட்ட மனுசன் நாலு வருசமாக ஒரே ஒரு காரியத்தை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார்.

அலுவிகாரையைத் தாண்டிப் பெரிய ரோட்டோரத்தில் மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் துப்புரவாக்கிப் பெட்டியில் அடைத்து அனுப்புகிற கம்பெனி ஒன்று இருந்தது. அழகையா அங்கே கேட்டில் வாச்சர். ஒன்பது வருசம் அந்தக் கேட்டில் நின்றிருக்கிறார். உள்ளே இருக்கிற பெரியவர்களுக்கு அவர் பெயர் தெரியாது. வாச்சர் என்று கூப்பிட்டால் போதும், வந்து நிற்பார்.

கம்பெனியில் ஆள் எடுப்பதாக இருந்தால் ஒரு முறை உண்டு. நேர்முகப் பரீட்சைக்கு வந்தவர்கள் தங்களைக் கூப்பிட்டு வந்த கடிதத்தைக் கேட்டில் கொடுக்க வேண்டும். அழகையா எல்லாவற்றையும் சேர்த்து மனேஜர் மாத்தயாவின், அதாவது மனேஜர் ஐயாவின், மேசையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நாலு வருசத்துக்கு முன்னால் ஒரு நாள் மனேஜர் அவரைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் நல்ல தன்மையாக ஒரு வேலை சொன்னார். தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளைகள் பாவம், தூரம். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸும் குறைவு. அதனால் அவர்களை முதலில் கூப்பிட்டு முடித்து அனுப்பிவிடலாம். ஆனால் கடிதத்தைப் பார்த்தால் யார் தோட்டம் என்று தெரியவில்லை, எல்லாரும் டவுன் கடை விலாசம்தானே போடுகிறார்கள். நீ உன் ஆட்களைப் பார்த்ததும் கண்டுபிடிப்பாய். அவர்களுடைய கடிதத்தில் மட்டும் மேல் மூலையை மடித்துக் கொடு.

அழகையாவுக்கு அது மனசில் பட்டுவிட்டது. அவர் தோட்டத்துக்கு, யட்டவத்தைப் பக்கம் மேலே ஏறுகிற பஸ் மாத்தளையிலிருந்து இரண்டே முக்காலுக்கு. அதை விட்டால் ஆறு மணிக்கு. ஆறு மணி பஸ்ஸில் போகிற பிள்ளை இரண்டு செக் பொயின்ட்டில் இறங்கி ஐடென்டி கார்டு காட்டி, இருட்டில் தேயிலைக்குள் நடக்க வேண்டும். ஒரு மனுசனாவது இதை யோசித்தானே என்று நினைத்தார்.

கடை விலாசத்துக்கும் காரணம் இருந்தது. லயத்துக்கு வருகிற கடிதம் தோட்டத்து ஒபிசுக்குத்தான் முதலில் போகும். அங்கே கிளாக்கர் எப்போது மனசு வைக்கிறாரோ அப்போதுதான் தபால், காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்கு வரும். அழகையாவின் மகள் கமலாட்சிக்கு வந்த முதல் நேர்முகக் கடிதம் பதினொரு நாள் அந்த ஒபிசில் கிடந்து, பரீட்சை முடிந்த மூன்றாம் நாள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவளும் டவுனில் புஹாரி நானா கடை விலாசத்தைத்தான் போட்டாள்.

நாலு வருசமும் அழகையா மூலை மடித்தார். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், யார் மகன் என்று விசாரித்துக்கொண்டே மடிப்பார். மடித்த கடிதக்காரர்கள் முதலில் உள்ளே போய், ஐந்து நிமிசத்தில் வெளியே வந்து, பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள். போகும்போது அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள். இந்தக் கம்பெனிக் கேட்டில் நம்ம ஆள் ஒருத்தர் இருக்கிறார், சொன்னால் முதலில் கூப்பிட வைப்பார் என்று தோட்டம் தோட்டமாகப் பேச்சு. அவர்களில் ஒருத்தருக்காவது வேலை கிடைத்ததா என்று அவர் கவனிக்கவில்லை. கூட்டிப் பெருக்கவும் மூட்டை தூக்கவும் உள்ளே தோட்டத்து ஆட்கள் இருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே காலம் போய்விட்டது.

கண்டியில் குண்டு வெடித்த வருசம் அது. கமலாட்சிக்கு இருபத்து மூன்று வயது. ஏ.எல். பாஸ். மாத்தளையில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய் மூன்று பாசையிலும் அடிப்பாள். சிங்களம் பேசினால் சிங்கள ஊரான நாவுலக்காரி என்று நினைக்கலாம். அந்த வருசம் மட்டும் மூன்று இடத்தில் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஒரு இடத்தில் பொலிஸ் ரிப்போர்ட் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனபோது இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். இன்னொரு இடத்தில், அப்பா என்ன வேலை, வீடு சொந்த வீடா என்று இரண்டே கேள்வி. மூன்றாவது இடத்தில் சிங்களம் போதாது என்று சிங்களத்தில் எழுதி அனுப்பினார்கள். அதை வாசித்துக் காட்டியபோது அவளே சிரித்தாள். அழகையா சிரிக்கவில்லை.

நாலாவது கடிதம் அழகையாவின் கம்பெனியிலிருந்தே வந்தது. டைப்பிஸ்ட் கிளாக்கர் வேலை. அவள் தன் மகள் என்று அவர் கம்பெனியில் மூச்சு விடவில்லை. சொன்னால் கெஞ்சி வாங்கின வேலை என்பார்கள். அதுவுமில்லாமல் அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கேட்டில் தெரியாத ஆள் மாதிரி நில் என்று வீட்டிலேயே சொல்லி வைத்தார்.

அன்று பதினாலு பேர் வந்தார்கள். கமலாட்சி கடிதத்தை நீட்டினாள். அழகையா அதை வாங்கி, மூலையை மடித்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, திரும்ப இன்னொரு மடிப்பும் மடித்தார். முதல் ஆளாகவே கூப்பிடட்டும் என்றுதான்.

அவளுக்குப் பின்னால் அவர்கள் பக்கத்து லயத்துப் புஷ்பவதி நின்றாள். அவளும் அதே டைப்ரைட்டிங் வகுப்புதான். அவளுடைய கடிதத்தையும் மடிக்கப் போனார்.

"வேணாம் மாமா. நான் இன்னைக்கு அலுவிகாரையில அத்தை வீட்டுலதான் தங்கப் போறேன். எனக்கு பஸ் பிடிக்கிற வேல இல்ல. அவசரமாப் போறவங்கள முதல்ல விடுங்க" என்றாள் அவள்.

நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டே அவளுடைய கடிதத்தை மடிக்காமல் வைத்தார்.

கமலாட்சி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். டைப் அடிக்கச் சொன்னார்களா என்று கண்ணாலேயே கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு ரோட்டுக்குப் போய்விட்டாள். புஷ்பவதி உள்ளே முக்கால் மணி நேரம் இருந்தாள்.

பத்தாம் நாள் பக்கத்து லயத்திலிருந்து கேசரி வந்தது. புஷ்பவதிக்கு வேலை கிடைத்துவிட்டது. கமலாட்சிக்கு வருந்துகிறோம் என்று நாலு வரி. அழகையாவின் பெண்சாதி ராசம்மா கேசரித் தட்டை வாங்கி வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். புஷ்பவதி வாசலில் நின்று அழாத குறை.

"கமலாக்கா சொல்லிக் குடுத்துத்தான் மாமா நான் சிங்கள டைப்பே படிச்சேன். டெஸ்ட்ல நாலு பிழை விட்டேன். எப்பிடி என்னைய எடுத்தாங்கன்னு எனக்கே தெரியல."

அழகையாவுக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கோ கை நனைந்திருக்கிறது. அலுவிகாரை அத்தைக்காரி எவனையோ பிடித்திருக்கிறாள். இது வேறு எப்படி நடக்கும்?

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஸஹாப்தீனைத் தேடிப் போனார். ஸஹாப்தீன் ஒபிசில் பைல் பார்க்கிற பழைய ஆள், மாத்தளை டவுன்காரர், நேர்முகப் பரீட்சை நாட்களில் மனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடிதங்களை எடுத்துக் கொடுப்பவர். சாப்பாட்டுப் பார்சலை விரித்துவைத்திருந்தார்.

"அந்த டைப்பிஸ்ட் வேலைக்கு எவன் வாங்கினான் நானா? உள்ளதச் சொல்லுங்க."

ஸஹாப்தீன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். யாரும் ஒன்றும் வாங்கவில்லை என்றார். மடிக்காத கடிதத்தில் அந்தப் பிள்ளைதான் கொஞ்சம் பரவாயில்லை, எடுத்தார்கள் என்றார்.

மடித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அழகையா கேட்டார்.

ஸஹாப்தீன் சோற்றுக் கையைப் பார்சலுக்கு மேலேயே நிறுத்தினார். பிறகு வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். மடித்த கடிதத்துக்கு மூன்று கேள்விதான். பேர் என்ன, எங்கே படித்தாய், எந்த பஸ்ஸில் வந்தாய். அதோடு சரி. அவர்களை முதலில் முடித்து அனுப்பிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு உண்மையான பரீட்சை ஆரம்பம். குண்டு வெடிக்கிற நேரமெல்லாம் பொலிஸ் வந்து தோட்டத்து ஆட்கள் லிஸ்ட் கேட்கிறது, ஒபிசுக்குள் அவர்களை வைத்தால் தலையிடி என்று மேலே பேச்சு. பேப்பரில் எழுதி வைத்தால் நாளைக்குக் கேள்வி வரும். மடிப்புக்கு யார் கேள்வி கேட்பார்கள்?

"நீங்க தெரிஞ்சுக்கிட்டுத்தான் மடிக்கிறீங்கன்னு நாங்க எல்லாரும் நெனச்சோம். இந்த மனுசனுக்கு அவரு ஆளுங்க மேலயே என்ன கோவமோன்னு நான் ஊட்டுலயும் சொல்லியிருக்கேன். அன்னைக்கு மொதல்ல வந்திச்சே ஒரு புள்ள, அது சேட்டிபிகட்டப் பாத்து எனக்கே மனசு கேக்கல. அதுக்கு மட்டும் ரெண்டு மடிப்புப் போட்டிருந்தீங்க."

"அது எம் மக."

ஸஹாப்தீன் கையில் இருந்த சோற்றைப் பார்சலிலேயே போட்டுவிட்டார். அல்லாவே என்று ஒரு சொல். 

அழகையா கேட்டுக்குத் திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். லொறி ஒன்று வந்து ஹார்ன் அடித்தது. அவருக்குக் கேட்கவில்லை. டிரைவர் இறங்கி வந்து தோளைத் தட்டின பிறகுதான் எழுந்தார். மடிப்பை இழுத்த அந்தப் பெருவிரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை கடிதம்? நாலு வருசத்தில் எத்தனை பிள்ளைகள்? எல்லாரும் கும்பிட்டுவிட்டுப் போனார்களே. விசாரித்து விசாரித்து மடித்தாரே. 

சாயங்காலம் அவர் நேரே மனேஜர் மாத்தயாவின் அறைக்குப் போனார். திட்டத்தான் போனார். ஆனால் வாயில் வந்தது ஒரே வரிதான். இரண்டு மடிப்பு மடித்த பிள்ளை என் மகள்.

மனேஜர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் அழகையாவுக்கு விளங்கவில்லை. முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். நீ நம்பிக்கையான ஆள், உன் மகள் என்றால் நான் வேறு ஆளாகவா பார்ப்பேன், இன்னொரு டைப்பிஸ்டும் தேவைப்படுகிறது, திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வா, நேரே மேசையில் உட்காரட்டும் என்றார். அழகையா வாசலுக்கு வந்ததும் பின்னாலிருந்து சொன்னார். திங்கட்கிழமைதான் ஸ்டோர் கீப்பர் வேலைக்கும் வருகிறார்கள். வழக்கம்போல மடித்துக் கொண்டுவந்துவிடு.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அழகையா எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. மடித்ததை, ஏன் மடித்தார் என்பதை, இரண்டாவது மடிப்பை, திங்கட்கிழமை வேலையை. கமலாட்சி சட்டி கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ராசம்மா வந்து பைப்பை மூடினாள்.

"போன வருசம் கீழ் டிவிசன் கிருஷ்ணம்மா மக வந்திச்சே, அதுவுமாப்பா?"

"அதுவும்."

"அதுக்குப் பொறவு அது டைப் வகுப்புக்கே வரல. எனக்கு மூள இல்ல கமலா, அஞ்சு நிமிசத்துல அனுப்பிட்டாங்கன்னு சொல்லிச்சு."

ராசம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள், போனது போகட்டும், இப்போது கிடைத்ததை விடலாமா என்று. அது நியாயம்தான். மழைக்கும் வெயிலுக்கும் கொழுந்து பறித்த கை அவளுடையது. அவளைக் குறை சொல்ல முடியாது.

கமலாட்சி கழுவின சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தக் கடுதாசிய எல்லாம் பைல் பண்ணி வைக்கிறது டைப்பிஸ்ட் தானேப்பா? நீங்க மடிச்சுக் கொண்டாருவீங்க, நான் வாங்கி வைக்கணும். அதுக்கு என்னால முடியாதுப்பா."

 அழகையா அவளைப் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் தனியாகத்தான் வேலைக்கு வந்தார். பதினாறு பேர் வந்திருந்தார்கள். கடிதங்களை வாங்கினார். எந்தத் தோட்டம் என்று யாரையும் கேட்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் தெரிந்துவிடும். கட்டை அப்படியே கொண்டுபோய் மேசையில் வைத்தார். மனேஜர் மாத்தயா பெருவிரலால் மேல் மூலைகளை ஒரு தடவை சரசரவென்று விட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். உன் மகள் எங்கே என்று கேட்டார். வரவில்லை என்றார் அழகையா. மடித்தது ஒன்றுகூட இல்லையா என்று மனேஜர் கடிதங்களைக் காட்டிக் கேட்டார். தெரியாது மாத்தயா, நான் கேட்கவில்லை என்றார். மனேஜர் சத்தம் போடவில்லை. சரி, நீ போ, மாத முடிவில் பேசலாம் என்றார். என்ன பேசுவார் என்று அழகையாவுக்குத் தெரியும்.

பெயர் கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் போனவன் அரைமணி நேரமாக வெளியே வரவில்லை. இரண்டாவது ஆளும் அப்படியே. வெயில் ஏறியது. பன்னிரண்டு மணிக்கு மேல் நடராஜா என்று ஒருத்தன், முப்பது வயசிருக்கும், இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிடும் என்று சாயாமலே உட்கார்ந்திருந்தவன், எழுந்து கேட்டுப் பக்கம் வந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"அண்ணே, நான் மேல இருந்து வாறேன். இங்க சொன்னா முதல்ல கூப்பிட வைப்பீங்கன்னு தோட்டத்துல சொன்னாங்க. இரண்டே முக்கால் பஸ்ஸ விட்டா எனக்கு வேற இல்ல. கொஞ்சம் சொல்லி விடுங்கண்ணே."

அழகையா அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தார். பார்த்ததும் எந்த டிவிசன் என்றுகூடத் தெரிந்துவிட்டது.

"பஸ்ஸு போனாப் போகுது. போயி உக்காரு" என்றார்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. இந்த ஆளைப் பற்றி வேறு மாதிரி அல்லவா சொன்னார்கள் என்பது போலப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தான்.