டேக்குக்குள் இருந்த கோயில்

சகாயராணி பிடிவாதக்காரி. தொண்ணூற்றொன்பதில் காரைக்குடிக்கு இணையம் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் சென்டர் டீச்சரான அவள், வலைப்பக்கம் செய்து தரும் புரோகிராம் ஒன்றை எழுதி, ‘முகப்பு’ என்று பெயர் வைத்து, மூல நிரலோடு உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டாள். எந்தப் பிரவுசரில் திறந்தாலும் பக்கம் ஒழுங்காகத் தெரிய வேண்டும். அதனால், எந்த எழுத்து தலைப்பு, எது பெயர் என்று பிரவுசருக்குச் சொல்லும் ‘டேக்’ என்ற குறிகளில், உலகப் பொதுவிதியில் இல்லாத எதுவும் முகப்புக்குள் நுழையவே கூடாது.

கூட வேலை பார்த்த ஜெயகாந்தனுக்கு இது ஆகவே ஆகாது.

“ஊருக்கு ஊரு தேவை வேற ராணிக்கா. அவுகவுக டேக்கை அவுகவுக சேத்துக்கிட வழி விடுங்க.”

“ஆளாளுக்குச் சேத்தா அப்புறம் விதி எதுக்கு?”

வழி விடாவிட்டால் நிரலை எடுத்துக்கொண்டு தனியாகப் பிரிந்துவிடுவேன் என்றான். இலவச நிரல்தானே, யார் தடுப்பது?  சகாயராணிக்கு முகப்பு இரண்டாகப் பிரிவதைவிட, அவன் இல்லாத சென்டரை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

அந்த வாரம் நாச்சியம்மை ஆச்சி, மகளுக்கு வரன் தேட ஒரு பக்கம் வேண்டும் என்று வந்தார். நகரத்தாரில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, ஒரே கோயிலுக்குள் பெண் கொடுப்பதில்லை. முதலில் பார்ப்பதே கோயிலைத்தான். ஜெயகாந்தன் முகப்பின் தன் பிரதியில் கோயிலுக்கென்றே ஒரு டேக் உண்டாக்கி, ஆச்சியின் கோயில் பெயரை அதற்குள் வைத்தான். அழகாகத் தெரிந்தது. வலையில் ஏற்றியது சகாயராணி, தன் முகப்பு வழியாக. ஏற்றியபின் திறந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு மிதப்பு.

பத்து நாளில் ஆச்சி கொதித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் கோயிலே இல்லை. கோயிலை மறைத்துப் போட்டவர்களிடம் என்ன பேச்சு என்று, பக்கத்தைப் பார்த்த பினாங்கு வரன் ஒன்று ஒதுங்கிவிட்டது.

“ஊரு சிரிக்குது! எங்க கோயில யாரு தூக்குனது?”

ஜெயகாந்தன் எழுந்தான். “நான்தான் ஆச்சி. இல்லாத டேக்கைப் போட்டுட்டேன்.”

சகாயராணி அவசரமாக நிரலைத் திறந்தாள். தெரியாத டேக் வந்தால் டேக்கை விட்டுவிட்டு உள்ளிருக்கும் எழுத்தைக் காட்டு என்றுதான் பொதுவிதியே சொல்கிறது. அவளுடைய முகப்போ, டேக்கோடு எழுத்தையும் சத்தமில்லாமல் வழித்து எறிந்திருந்தது. விதியைக் காப்பாற்ற அவளே எழுதிய வரி அது. அவனுக்கு இது முன்பே தெரியும் என்பது அவன் முகத்திலேயே இருந்தது.

“அவன் பொய் சொல்றான் ஆச்சி. என் புரோகிராம்தான் தின்னுருச்சு.”

“எது தின்னா எனக்கென்ன? உங்க சட்டத்துல எங்க கோயிலுக்கு எடமிருக்கா, இல்லையா?”

“இருக்கு ஆச்சி. எப்பவும் இருந்துச்சு. நான்தான் விடல.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

“அழுதது போதும். பினாங்குக்குப் போன் போட்டு இதையே சொல்லுங்க,” என்றார் ஆச்சி.

சொன்னாள். மாப்பிள்ளையின் தாயார் சிரித்துவிட்டு, பக்கத்தைச் சரிசெய்யுங்கள், பார்க்கிறோம் என்றார். ஆச்சி போனதும் சகாயராணி மெதுவாகக் கேட்டாள்.

“பிரிஞ்சு போறேன்னியே?”

“உங்க முகப்புலயே அவுகவுக டேக் சேக்குற வேலைய முடிச்சுட்டுப் போறேன்க்கா.”

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டான். அது முடிகிற வேலையில்லை என்று இருவருக்குமே தெரியும்.