கை ஊன்றாமல்

முத்துலிங்கம் பாயில் சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டான். நான் ஸ்டொப்வொட்சைக் கையில் வைத்துக்கொண்டு அமுக்காமல் நின்றேன்.

கொழும்பில், பொரளைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோவாக இருந்தேன். முழங்கால் உடைந்து கம்பி வைத்தவர்களில் யார் தேறினார்கள் என்று அங்கே ஒரு ஆய்வு நடந்தது. தேறியதை எதைக் கொண்டு சொல்வது? டொக்டரின் படிவத்தில் முதல் கேள்வி, நோவு இருக்கிறதா என்பது. அதைப் படிவத்திலிருந்து எடுத்துவிட வைத்தவள் நான். ஆட்கள் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள், கை ஊன்றாமல் பத்து விநாடிக்குள் தரையிலிருந்து எழும்பினால் தேறினார், இல்லையென்றால் இல்லை என்று வாதாடினேன். நம் சனம் சாப்பிடுவதும் தொழுவதும் தரையில்தானே. "குட் ஐடியா ஹபீலா" என்றார் டொக்டர். ஒரு வாரம் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

முத்துலிங்கத்துக்கு இருபத்தாறு வயது. வவுனியாவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தான். சிகிச்சை முடியவில்லை என்ற எங்கள் கடிதத்தைக் காட்டித்தான் கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவைப் புதுப்பித்தான். முந்தின மாதம் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழ் ஆட்களைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியபோதும் அவனைக் காப்பாற்றியது அந்தக் கடிதம்தான். இந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் டொக்டர் கையெழுத்து வைப்பார். தேறியவர்களுக்குக் கடிதம் கிடையாது. ஊருக்குப் போனால் ஆமியா இயக்கமா, அவனை யார் முதலில் பிடிப்பது என்பது மட்டும்தான் தெரியாது.

"நோகுதெண்டு எழுதேலாதோ மிஸ்?"

"அந்தக் கேள்வி இப்ப இல்ல தம்பி."

"ஆர் எடுத்தது?"

"நான்தான்."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

"எழும்பாட்டி என்ன செய்வினம்?"

"கம்பி சரியில்லண்டு திரும்ப வெட்டிப் பாப்பாங்க. நல்ல கால் தம்பி. வெளங்குதா?"

"வெட்டினா எத்தினை மாசம் கடிதம் தருவியள்?"

"ஆறு மாசம்."

அவன் தலையை ஆட்டினான். "சரி மிஸ். அமத்துங்கோ."

அமுக்கினேன். அவன் இடுப்பு இலகுவாக உயர்ந்தது. கால் நடுங்கவேயில்லை. மூன்று மாதம் நான் பாடுபட்டுத் தேற்றிய கால் அது. பாதி எழும்பியவன் அப்படியே நின்று, வலது கையை இறக்கி, உள்ளங்கையைத் தரையில் வைத்தான். அதில் பாரம் எதுவும் இல்லை. நான் பார்த்துவிட்டேன் என்பது உறுதியாகும்வரை, என் முகத்தைப் பார்த்தபடி, கையை அங்கேயே வைத்திருந்தான்.