யாரும் போடாத ரெண்டு பாயிண்ட்

மகுடேஸ்வரன் எனக்குத் தரவேண்டிய பாக்கி பதினோராயிரத்து நானூற்று அறுபது ரூபாய். முதலிபாளையத்தில் அவருடைய பிரிண்டிங் பட்டறையில் டேபிளில் சட்டையை விரித்து மை இழுக்கிறவன் நான். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை கறி. எங்கள் வீட்டில் ஒரு மாசமாகக் கறி வாசனை இல்லை. கேட்டால் மகுடேஸ்வரன் கோபிக்க மாட்டார். "ஏனுங்க அழகுமலை, ஷிப்மெண்ட் போகட்டுங்க, மொத்தமா வாங்கிக்குங்க" என்பார். இல்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்ல வேறு ஆளால் முடியாது.

அந்தப் பணம் வந்தால் முத்தாத்தாள் என்கிற அம்மாவின் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோகலாம். இப்போது நாங்கள் இருக்கிற லைன் வீட்டில் ஒன்பது குடும்பத்துக்கு ஒரே கக்கூஸ். அந்த வீட்டில் உள்ளேயே ஒன்று இருக்கிறது, தாழ்ப்பாளோடு. என் மனைவி சித்ராதேவி போய்ப் பார்த்து, அந்தத் தாழ்ப்பாளை நாலு தடவை போட்டுத் திறந்துவிட்டு வந்தாள். மாசக் கடைசி வரைக்கும் யாருக்கும் விடமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தது.

பாக்கி நின்றது ஒரு அமெரிக்கா ஆர்டரால். அந்த ஊரில் பாஸ்கெட்பாலைக் காசுக்கு ஆட ஆரம்பித்த புதிதில் நடந்த ஒரு மேட்ச். மறுநாள் பேப்பரில் வந்த அட்டவணையை அப்படியே சட்டையின் முதுகில் அடிக்கவேண்டும். ஆட்டக்காரன் பேர், அவன் போட்ட கூடை, ஃப்ரீ த்ரோ, மொத்த பாயிண்ட். கூடைக்கு ரெண்டு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. கீழே அணியின் மொத்தம்: அறுபத்தஞ்சு. எதிர் அணி அறுபத்து நாலு.

மகுடேஸ்வரனுக்கு எண்களைக் கண்டால் கூட்டிப்பார்க்காமல் இருக்க முடியாது. டெலிவரி சலானில் ஒரு பீஸ் இடித்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனுஷர். கால்குலேட்டரைத் தட்டினார், மறுபடி தட்டினார். பிறகு கம்ப்யூட்டரில் டிசைன் பார்க்கும் கீர்த்தனாவைக் கூப்பிட்டார்.

"கண்ணு, ஆளாளுக்குப் போட்டதைக் கூட்டுனா அறுவத்து மூணுதான் வருது. கீழ அறுவத்தஞ்சுன்னு இருக்குது. ரெண்டு பாயிண்ட்ட யாரு போட்டது?"

"அமெரிக்காவுல வாங்கற பையர் அனுப்புனதுங்க. நாம கை வெக்கக் கூடாதுங்க."

"தப்புன்னு தெரிஞ்சும் அடிச்சு அனுப்புனா நம்ம பேரு என்னாகும்?"

"அப்ப கீழ அறுவத்து மூணுன்னு மாத்தட்டுங்களா?"

"மாத்துனா செயிச்சவன் தோத்துருவான் பாரு. அந்தப் பாவம் நமக்கெதுக்கு? இதா இந்தக் கடைசி ஆளு, எல்லாத்துலயும் சைபரா நிக்கறான். ஒரு கூடை அவனுக்குப் போட்டுடு. டேலி ஆயிரும்."

"எதுக்கும் ராபின் சாரை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்க."

"தப்பத் திருத்தறதுக்கு யாரக் கேக்கோணும்?"

ராபின், எங்களுக்கு வேலை கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியில் இந்த ஆர்டரைப் பார்க்கிற தம்பி. அவரைக் கேட்கவில்லை. கீர்த்தனா மவுசை ரெண்டு தட்டுத் தட்ட, எந்தக் காலத்திலோ ஆடி முடித்துப் போய்ச் சேர்ந்த மனுஷன் ஒரு கூடை போட்டுவிட்டான். பக்கத்து டேபிள் ஜெயபாண்டி மை பக்கெட்டைக் கலக்கிக்கொண்டே என்னைப் பார்த்தான்.

"அண்ணே, கேக்காதவனுக்கு உடனே செட்டில் பண்ணிட்டாரு பாத்தியா. நீ கேட்டுக் கேட்டுத்தான் கெடுத்துக்கிட்ட."

மூவாயிரம் சட்டை அடித்தோம். என் கையால் மட்டும் அவனுக்கு ஆயிரம் கூடையாவது போட்டிருப்பேன்.

சரக்கை அனுப்பிய அதே வாரத்தில் ராபின் ஒரு சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"யார் சார் இவனுக்கு ரெண்டு பாயிண்ட் குடுத்தது?"

"நாந்தானுங்க" என்றார் மகுடேஸ்வரன். பாராட்டுக்குத் தயாராக எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்த ரெண்டு பாயிண்ட் யார் போட்டதுன்னு தெரியாதுங்கறதுதான் சார் சட்டையே. அந்த ரசிகனுக இன்னும் அதைச் சொல்லித்தான் சண்டை போட்டுக்கறானுக. அதுக்காகத்தான் வாங்கறதே."

மகுடேஸ்வரன் கொஞ்சம் யோசித்தார். "இனிச் சண்டை வராதுங்களே" என்றார்.

ராபின் சட்டையை டேபிளில் போட்டுவிட்டுப் போனார். ஆர்டர் ரிஜெக்ட். துணி, தையல், எல்லாச் செலவும் பட்டறை தலையில். மூவாயிரம் சட்டையும் எங்கள் வாசலுக்கே திரும்பி வந்து இறங்கின.

அந்தச் சனிக்கிழமை நான் போய் நின்றேன். "மொதலாளி, மாசம் முடியுது. வீடு கைவிட்டுப் போயிரும்."

"எனக்கு மட்டும் இல்லீங்களா வருத்தம்? காசா இல்லீங்க. திரும்பி வந்த சட்டையா எடுத்துக்குங்க. பீஸுக்கு அறுவது ரூவா போட்டுக்கலாம்." கால்குலேட்டரைத் தட்டினார். முகம் மலர்ந்தது. "நூத்தித் தொண்ணூத்தியொரு பீஸ். மீதியே வரலீங்க, பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை நானும் சித்ராதேவியும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, கழித்த சரக்கை வாங்கி விற்கிற காதர்பேட்டைக்குப் போனோம். முதல் கடைக்காரர் சட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னய்யா இது, ரேஷன் கடை போர்டாட்டம் இருக்குது?"

"பாஸ்கெட்பால் கணக்குங்க. அமெரிக்கா."

"இதுல கிரிக்கெட் ஆளு எவனாச்சும் இருக்கானா?"

"இல்லீங்க."

"இருவது ரூவா."

இருபத்தஞ்சு கொடுத்த கடையில் இறக்கினோம். நாலாயிரத்து எழுநூற்று எழுபத்தஞ்சு ரூபாய் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக முத்தாத்தாள் வீட்டுக்குப் போனோம். மீதியை ரெண்டு வாரத்தில் தருகிறேன் என்றேன். அந்த அம்மா வருத்தப்பட்டுத்தான் சொன்னது: "முழு அட்வான்ஸோட ஒருத்தரு உக்காந்திருக்கறாருங்க சாமி, உள்ள." கக்கூஸ் கதவு சாத்தியிருந்தது. சித்ராதேவி அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள்.

திங்கட்கிழமை மகுடேஸ்வரனிடம் குறைந்த பணத்தைக் கேட்டேன்.

"அறுவது ரூவாச் சரக்க இருவத்தஞ்சுக்கு வித்தா, அது ஏவாரத்துல வந்த நட்டமுங்க அழகுமலை. கூலிப் பாக்கி அதுல எங்கீங்க வருது?"

"நான் எங்க மொதலாளி ஏவாரம் பண்ணேன்?"

"நேத்துப் பண்ணுனீங்கல்ல."

சொல்லிவிட்டு, பாக்கி தீர்ந்தது என்கிற வவுச்சரை என் பக்கம் நகர்த்தினார். புது ஆர்டர் வந்து டேபிள்களில் வெள்ளைச் சட்டை விரித்தாயிற்று. கையெழுத்துப் போடாதவன் அதில் கை வைக்க முடியாது. ஜெயபாண்டி கையெழுத்தைப் போட்டுவிட்டு மை கலக்கிக்கொண்டிருந்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் கட்டைவிரலை வைத்துவிட்டுப் போயிருப்பேன். இப்போது எழுதக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்பதால், 'பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று என் கையாலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் வாங்கிப் படித்துப் பார்த்து, "கையெழுத்து நல்லா வந்துருக்குதுங்க" என்றார். பிறகு பாக்கி நோட்டைத் திறந்து என் பேரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.