வேண்டாமென்ற சீதனம்

சீதனம் போதாதென்று குழம்பின கலியாணங்கள் ஊரில் எத்தனையோ. சீதனம் வேண்டாமென்றதால் குழம்பப் பார்த்த கலியாணம் முரசுமோட்டையிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான்.

என் மகள் தாட்சாயினி கம்பஸில் படித்துப் பட்டம் எடுத்தவள், கணித ரீச்சர். கூடப் படித்த துணுக்காய் ஊர்ப் பெடியன் யதுர்ஷனை அவளே விரும்பினாள். எங்களுக்கும் அவனைப் பிடித்திருந்தது. நாள் குறிக்கத் தாய் தகப்பனோடு வந்தான். என் வீட்டுக்காரர் செல்வராசா தொண்டையைச் செருமி, "இந்த வீடும் வளவும் பிள்ளைக்கு, பின்னுக்கு இருக்கிற வயலும்..." என்று தொடங்கினதுதான் தாமதம், மாப்பிள்ளை கதிரையை விட்டு எழும்பிவிட்டான்.

"மன்னிக்கோணும் மாமா. நான் சீதனம் வாங்கமாட்டன். அது என்ர கொள்கை. பேஸ்புக்கிலயும் போட்டிட்டன்."

மகளின் முகம் பூரித்தது. இவருடைய முகம் கறுத்தது. நான் பயற்றம் பணியாரத் தட்டோடு நடுவில் நின்றேன்.

அன்று முழுக்க வேலிக்கு வேலி இதே கதைதான். "வேண்டாமெண்டு சொல்லுறானோ? அப்ப பெடியனில ஏதோ பிழை இருக்கு. வலிப்போ?" என்று பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி கேட்டாள். மத்தியானம் அவனுக்கு ஒரு சிறுநீரகம் இல்லாமல் போயிற்று. பின்னேரம் கனடாவில் ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் முளைத்தார்கள். பாவம், அவனிடம் ஒரு பாஸ்போர்ட் கூடக் கிடையாது.

"நான் என்ன பிச்சைக்காரனோ? வெறுங்கையோட பிள்ளையைக் குடுத்தால் ஊர் என்னைக் காறித் துப்பாதோ?" என்று இவர் குதித்தார்.

"நான் என்ன அப்பா, விலை வைச்சு விக்கிற சாமானோ?" என்று மகள் குதித்தாள்.

"சீதனம் வாங்காட்டில் பொம்பிளையும் இல்லை எண்டு சொல்லு!"

"சீதனம் தந்தால் கலியாணமே இல்லை எண்டு அவர் சொல்லுறார்!"

எட்டு நாள் இப்படியே போனது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் கொள்கைக்காரி மகளின் கண் இரவில் அழுது காலையில் வீங்கிக் கிடந்தது. ஆசைப்பட்டவனை இந்தப் பிள்ளை இழந்துவிடுமோ என்று பயந்துபோனேன். ஒன்பதாம் நாள் யதுர்ஷனுக்கு நானே போன் எடுத்தேன். மோட்டார்சைக்கிளில் பறந்து வந்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என்றாலும் ஒரு கேள்வி கேட்க அது போதும்.

"தம்பி, கலியாணம் முடிஞ்சு எங்க இருக்கப்போறியள்?"

"இஞ்சதான் மாமி. தாட்சாவுக்குப் பள்ளிக்கூடமும் கிட்ட."

"இந்த வீட்டிலயோ?"

"ஓம் மாமி."

"அதுதான் தம்பி சீதன வீடு."

தேத்தண்ணி அவனுக்குப் புரைக்கேறியது. இவர் எட்டு நாளைக்குப் பிறகு தொடையில் அடித்துச் சிரித்தார். எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"சிரிக்காதேங்கோ! நீங்களும் ஒரு சைக்கிளோடயும் ஒரு ட்ரங்குப் பெட்டியோடயும் என்ர வீட்டுக்கு வந்த ஆள்தான்."

அலுமாரியைத் திறந்து காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தேன். சண்டைக்கு இடம்பெயர்ந்த காலமெல்லாம் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்த உறுதி. மகளிடம் நீட்டி, "வாசி" என்றேன்.

அவள் வாசித்தாள். என் அம்மாவின் பெயர் இருந்தது. அடுத்து, சீதனமாகப் பெற்ற மகள் ராஜினி என்று என் பெயர். திருப்பி ஒருக்கால் வாசித்தாள்.

"அப்பான்ர பேர் எங்க?"

"இல்லை."

"எனக்கு எழுதினால் இவற்ர பேர்?" என்று யதுர்ஷனைக் காட்டினாள்.

"அதுவும் இல்லை. எங்கட வழக்கத்தில சீதனக் காணி பொம்பிளைப்பிள்ளையின்ர பேருக்குத்தான் எழுதுறது. காசு கேட்டு வாங்குறது வேற, அதை வேண்டாமெண்டிருந்தால் இந்தத் தம்பியைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பன்."

பட்டம் எடுத்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கணித ரீச்சருக்குத்தான் கணக்கு முதலில் வெளித்தது.

"அப்ப நீங்கள் ஆரைக் கேட்டு என்ர காணியை வேண்டாமெண்டனீங்கள்?"

"அது... கொள்கை..."

"உங்கட கொள்கைக்கு என்ர காணியோ? அதையும் பேஸ்புக்கில போட்டு, நானும் லைக் போட்டனே!"

இவர் மறுபடியும் சிரிக்க வாயெடுத்தார். மகள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்கள் ஆரைக் கேட்டு அம்மான்ர காணியைக் குடுக்க வெளிக்கிட்டனீங்கள்?"

எட்டு நாளாக ஒருவர் கொடுப்பேன் என்று நின்றார், ஒருவர் வேண்டாமென்று நின்றார். காணிக்காரி நான் இருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவளைப் படிப்பித்தது வீண்போகவில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நெஞ்சு நிறைந்து போனது.

தாட்சாயினி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "அம்மா, எனக்கு இந்த வீடு வேணும். தாறீங்களோ?"

"தாறன். ஆனால் என்ர சீவிய உரித்தை வைச்சுத்தான் எழுதுவன். கண் மூடுமட்டும் நான் இஞ்சதான் இருப்பன்."

யதுர்ஷன் மெதுவாக எழும்பி அவள் முன்னால் வந்து நின்றான். "அப்ப... நானும் இருக்கலாமோ?"

"இப்ப கேட்டீங்களே, இது கொள்கை," என்றாள் மகள். "இருங்கோ."

இவர் சாரத்தைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப என்ர பாடு?"

"என்னைக் கேளுங்கோவன்," என்றேன்.